மருந்தை நிறுத்தினா நோவு திரும்புது! காவல் நாய்க்கு அடிக்கடி வரும் நீர்க்கடுப்பு

கொல்லிமலைத் தோட்டத்திலிருந்து ஓர் அனுபவம்

எங்க தோட்டத்துக் காவலாளிக்குப் பேர் செவலை. பொட்டை நாய், ஆறு வயசு, சுத்தமான நாட்டு நாய். கொல்லிமலையில வாழவந்திநாடு பக்கம் எங்களுக்கு மூன்றரை ஏக்கர் நிலம். சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி, அதுக்கு அடியில காபி, ஓரத்துல அன்னாசி, மேட்டுல சாமை, பள்ளத்துல மரவள்ளி. பன்னிரண்டு வருஷமா உப்பு உரமோ பூச்சிக்கொல்லியோ இந்த மண்ணுல விழுந்ததில்லை. ராத்திரியில காட்டுப்பன்றி இறங்கினா முதல்ல குரல் கொடுக்கிறது செவலைதான். மின்வேலி போட வசதியில்லாத எங்களுக்கு அவதான் வேலி.

போன வருஷம் தை மாசம், மிளகு பறிப்பு நேரம். ஆளுங்க காலையில வந்தா இருட்டுற வரைக்கும் தோட்டத்துல இருப்பாங்க. வெளியாளைக் கண்டா பாயுற நாய் என்பதால பறிப்பு முடியுற வரைக்கும் செவலையைக் கட்டியே போட்டிருந்தோம். ஒருநாள் சாயங்காலம் அவிழ்த்து விட்டப்ப ஒரு விஷயம் கண்ணுல பட்டது. பத்தடி போறா, உட்கார்றா. மறுபடி பத்தடி, மறுபடி உட்கார்றா. ஒவ்வொரு தடவையும் நாலு சொட்டுதான். கடைசிச் சொட்டு ரோஸ் கலர்ல இருந்தது. பின்பக்கத்தை நக்கிக்கிட்டே இருந்தா. ஆறு வருஷத்துல ஒருநாளும் திண்ணையை நனைக்காதவ, அன்னைக்கு ராத்திரி திண்ணையிலேயே ஒண்ணுக்குப் போயிட்டா.

மனுஷருக்கு வந்தா நீர்க்கடுப்புன்னு சொல்றோமே, அதேதான். அங்கிருந்து ஆரம்பிச்ச கதை ஆறு மாசம் நீண்டது. அந்த ஆறு மாசத்துல நான் செஞ்ச தப்புகளை மறைக்காம எழுதுறேன். இயற்கை விவசாயம் செய்யுற பலரும் இதே தப்பைச் செய்ய வாய்ப்பிருக்கு.

மூணு தடவை வைத்தியம், மூணு தடவையும் திரும்பிச்சு

முதல் தடவை, ஊருக்குள்ள மாடு கன்றுக்கு ஊசி போட வந்து போற ஒருத்தரைக் கூப்பிட்டோம். ஊசி போட்டார். ரெண்டே நாள்ல செவலை துள்ளி ஓடினா. சரியாப் போச்சுன்னு நினைச்சோம். இருபது நாள் கழிச்சு அதே சொட்டு, அதே ரத்தம்.

ரெண்டாவது தடவை மாத்திரை. ஏழு நாளைக்குக் கொடுக்கச் சொல்லித்தான் கொடுத்தாங்க. மூணாவது நாளே நல்லா ஆயிட்டா. "ரசாயனத்தை மண்ணுக்கே போடாத நாம, நாய் வயித்துக்குள்ள எதுக்குப் போடணும்?" என்று மிச்ச மாத்திரையை நிறுத்திட்டேன். பெருமையா வேற சொல்லிக்கிட்டேன். பங்குனி பிறக்கும்போது நோவும் திரும்பி வந்துருச்சு.

மூணாவது தடவை, இனி மாத்திரையே வேண்டாம்னு நானே கைவைத்தியம் ஆரம்பிச்சேன். சிறுபீளை, நெருஞ்சில் கஷாயம், வாழைத்தண்டுச் சாறு. அதோட, எரிச்சலுக்கு மனுஷங்க குடிக்கிற சிரப் ஒரு பாட்டில் மருந்துக்கடையில வாங்கி ஊத்தினேன். பத்து நாள் கொடுத்தும் ரத்தம் நிக்கல. வைகாசியில செவலை திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அந்த வாரத்துல ஒரு ராத்திரி பன்றிக்கூட்டம் இறங்கி அரை ஏக்கர் மரவள்ளியைக் கிளறிட்டுப் போயிருச்சு. ஒரு சத்தமும் கேட்கல. காலையில பார்த்தா, திண்ணையில படுத்தபடியே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தா. அன்னைக்குத்தான் கீழே கொண்டு போறதுன்னு முடிவெடுத்தேன்.

வாழைத்தார் ஏத்திக்கிட்டுப் போற பிக்கப் வண்டியில சாக்கு விரிச்சு படுக்க வச்சு, காரவள்ளி வரைக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி நாமக்கல் போனோம். "நாய்க்குப் போயி இவ்வளவு செலவா?" என்று கேட்டவங்களும் உண்டு. அரை ஏக்கர் மரவள்ளி என்ன விலைன்னு திருப்பிக் கேட்டேன்.

கிருமி எங்கே ஒளிஞ்சிருந்தது?

கால்நடை மருத்துவர் முதல்ல மருந்து எழுதல. கேள்விதான் கேட்டார். இதுக்கு முன்னால என்ன மருந்து, எத்தனை நாள், எப்போ நிறுத்தினீங்க, எத்தனை நாள் கழிச்சுத் திரும்ப வந்தது, தண்ணி எவ்வளவு குடிக்குது, கடைசியா எப்போ பருவத்துக்கு வந்தது... நான் மாத்திரையை நிறுத்தின கதையையும் சொன்னேன். திட்டல. ஆனா, திரும்பத் திரும்ப வரும் நோய்க்கு இனி கண்ணை மூடிக்கிட்டு மருந்து கொடுக்கக் கூடாது, காரணத்தைத் தேடணும்னு சொல்லிட்டார்.

வயித்துல ஸ்கேன் எடுத்தாங்க. பிறகு, ஸ்கேனைப் பார்த்துக்கிட்டே வயித்தின் வழியா மெல்லிய ஊசியைச் சிறுநீர்ப்பைக்குள்ள விட்டு நேரடியா மூத்திரத்தை எடுத்தாங்க. கேட்கப் பயமா இருந்தாலும், செவலை முனகக்கூட இல்லை. தரையில விழுந்ததைப் பிடிச்சா மண்ணுல, தோல்ல, முடியில இருக்கிற கிருமியும் கலந்துரும். நோய்க்கிருமி எது, வழிப்போக்கன் எதுன்னு பிரிக்க முடியாது. அதனாலதான் இந்த முறை. அந்த மூத்திரத்தைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகும், எதுக்குச் சாகாது என்று பார்க்கிற சோதனை இது. முடிவு வர சில நாள் ஆகும்.

ஸ்கேன்ல தெரிஞ்சது மூணு கல். பெரிய கல் சுண்டைக்காய் அளவு இருந்தது. கல்ச்சர் முடிவும் வந்தது. முதல் தடவை ஊசியாப் போட்ட மருந்து இப்போ அந்தக் கிருமியிடம் செல்லாது.

இங்கேதான் எனக்கு விஷயம் விளங்கிச்சு. நாய்களுக்குச் சிறுநீர்ப்பையில வரும் கல்லுல முக்கியமா ரெண்டு வகை. ஒண்ணு ஸ்ட்ரூவைட், இன்னொண்ணு ஆக்சலேட். நாய்களில் ஸ்ட்ரூவைட் கல் பெரும்பாலும் கிருமித் தொற்றால உருவாகுது. ஸ்டெஃபைலோகாக்கஸ் மாதிரி சில பாக்டீரியாக்கள் மூத்திரத்துல இருக்கிற யூரியாவை உடைச்சு அம்மோனியா ஆக்கும். நம்ம தொழுவத்துல மூத்திரம் தேங்கினா மூக்கைத் துளைக்குமே, அதே வேலைதான். அதனால மூத்திரம் காரத்தன்மையாகி, அதுல கரைஞ்சிருக்கிற மெக்னீசியமும் பாஸ்பேட்டும் அம்மோனியாவோட சேர்ந்து படிஞ்சு கல்லாகுது. கல் வளர வளர, கிருமியும் கல்லுக்குள்ள அடுக்கடுக்கா சிக்கிக்கும்.

மருந்து கொடுத்தா மூத்திரத்துல மிதக்கிற கிருமி சாகும். நோவு குறையும். கல்லுக்குள்ள இருக்கிற கிருமியை மருந்து தொடாது. மருந்து நின்னதும் அது வெளியே வந்து பழையபடி பெருகும். ஆக, செவலைக்கு நோய் மூணு தடவை வரல. ஒரே தடவைதான் வந்தது, அது போகவே இல்லை.

நான் ஊத்தின சிரப்பும் வேலையைக் காட்டியிருக்கு. மனுஷங்க எரிச்சலுக்குக் குடிக்கிற அந்தச் சிட்ரேட் சிரப் மூத்திரத்தைக் காரமாக்குறது. ஸ்ட்ரூவைட் கல் வளருறதும் காரமான மூத்திரத்துலதான். கல்லுக்கு நானே உரம் போட்டிருக்கேன்.

ஸ்ட்ரூவைட் கல்லைச் சிறப்பு உணவும், பொருத்தமான ஆன்டிபயாடிக்கும் கொடுத்து வாரக்கணக்கில் கரைக்கவும் முடியும். கல் கரையுற வரைக்கும் உள்ளே இருக்கிற கிருமி வெளிவந்துக்கிட்டே இருக்கும் என்பதால மருந்தையும் தொடரணும். அந்த உணவைத் தவிர வேறெதுவும் நாய் தின்னக் கூடாது. அன்னாசித் தோட்டத்துல எலி பிடிச்சுத் தின்கிற நாய்க்கு அது நடக்காதுன்னு அறுவை சிகிச்சைக்கு ஒத்துக்கிட்டோம். ஆக்சலேட் கல்லா இருந்தா கரைக்கிற வழியே கிடையாது, எடுத்துத்தான் ஆகணும். கல்லை எடுத்துட்டு, கல்ச்சர் காட்டின மருந்தைச் சொன்ன நாள் வரைக்கும் கொடுத்தோம். ஒரு வேளைகூட விடல. மருந்து முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு மறுபடி மூத்திரப் பரிசோதனை. கிருமி இல்லை.

எப்போ "திரும்பத் திரும்ப" என்று சொல்லணும்?

நாய்களுக்கு இந்தத் தொற்று புதுசில்லை. நூறு நாயில சுமார் 14 நாய்க்கு ஆயுளில் ஒரு தடவையாவது வரும் என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் கணக்கு. பொட்டை நாய்க்கு மூத்திரக் குழாய் குட்டையா இருக்கிறதால அதுக்கே அதிகம். பெரும்பாலும் கிருமி வெளியிலிருந்து வர்றதில்லை. நாயோட சொந்தக் குடல்ல இருக்கிற ஈ-கோலை போன்ற பாக்டீரியாதான் பின்பக்கத்திலிருந்து மேலே ஏறுது. எப்போதாவது ஒரு தடவை வந்தா, சில நாள் மருந்துல சரியாகிரும்.

ஆறு மாசத்துல ரெண்டு தடவையோ, ஒரு வருஷத்துல மூணு தடவையோ வந்தா அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று எடுத்துக்கணும். 2019-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொல்லும் அளவு இது. அந்த நிலைக்கு வந்துட்டா, இன்னொரு சீட்டு மாத்திரைக்குப் பதில் காரணம் தேடுறதுதான் வைத்தியம்.

காரணம் ரெண்டு விதமா இருக்கும். மருந்து நின்ன சில நாள்லயே அதே கிருமி திரும்பினா, அது எங்கேயோ ஒளிஞ்சிருக்கு: கல்லுக்குள்ள, சிறுநீரகத்துல, கடுவன் நாயா இருந்தா புராஸ்டேட் சுரப்பியில. ஒவ்வொரு தடவையும் வேற வேற கிருமி வந்தா, எங்கேயோ கதவு திறந்து கிடக்கு: சர்க்கரை நோய், ஹார்மோன் கோளாறு, மூத்திரத்தை முழுசா வெளியேத்த முடியாத நரம்புக் கோளாறு, பருமனான பொட்டை நாயில தோல் மடிஞ்சு எப்பவும் ஈரமா இருக்கிற இடம், நீண்டநாள் ஸ்டீராய்டு மருந்து. எதுன்னு பிரிச்சுச் சொல்லக் கல்ச்சர் இல்லாம முடியாது.

நம்மகிட்ட இதுக்கு நல்ல உதாரணம் இருக்கு. மிளகுக் கொடி வாடினா இலைக்கு எதையாவது தெளிச்சுக்கிட்டு நிக்க மாட்டோம். அடியில தண்ணி தேங்குதா, வேர் அழுகியிருக்கான்னு தோண்டிப் பார்ப்போம். கொடிக்குத் தோண்டிப் பார்க்கத் தெரிஞ்ச நான், நாய்க்கு இலையிலேயே தெளிச்சுக்கிட்டு இருந்தேன்.

சிவப்பெல்லாம் நீர்க்கடுப்பு இல்லை

நாய் மூத்திரத்துல சிவப்பைப் பார்த்ததும் தொற்றுன்னு முடிவு கட்டக் கூடாது. நம்ம ஊர் நாய்களுக்கு வேற சில நோயும் அதே மாதிரி வேஷம் போடும்.

காபி டிகாக்‌ஷன் மாதிரி கருஞ்சிவப்பா மூத்திரம் போய், காய்ச்சலும் சோர்வும் இருந்து, ஈறு வெளுத்துப் போயிருந்தா உண்ணி கடிச்சு வரும் பபீசியா நோயைச் சந்தேகிக்கணும். ரத்த அணுக்கள் உள்ளேயே உடையுறதால வரும் நிறம் அது. உண்ணி ஒட்டியிருக்கான்னு காது மடல், கால்விரல் இடுக்கில் பாருங்க. இதுல ஒருநாள் தாமதமும் ஆபத்து.

மூத்திரம் போகாத நேரத்திலும் பின்பக்கத்திலிருந்து ரத்தம் சொட்டினா, கலவி மூலம் நாய்க்கு நாய் பரவும் கட்டியா இருக்கலாம். தெருவில் சுத்துற நாய்களிடம் நம்ம நாட்டில் இது அதிகம். காலிஃபிளவர் பூ மாதிரி கட்டி உள்ளே இருக்கும். வாரம் ஒரு ஊசி வீதம் சில வாரம் போட்டா பெரும்பாலும் முழுசா குணமாகும். இதுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பிரயோஜனமில்லை.

கருத்தடை செய்யாத பொட்டை நாய், பருவம் முடிஞ்ச ஒண்ணு ரெண்டு மாசத்துல தண்ணி அதிகமாக் குடிச்சு, மூத்திரம் அதிகமாப் போய், தீனி எடுக்காம, சீழ் மாதிரி கசிஞ்சா அது கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கிற நோய். சில நேரம் கசிவே வெளியே தெரியாது. உடனே அறுவை சிகிச்சை செய்யலைன்னா உயிர் தங்காது.

கண் மஞ்சளாகி, வாந்தி, காய்ச்சலோட மூத்திரம் குறைஞ்சாலோ கூடினாலோ எலிக்காய்ச்சலை நினைக்கணும். எலி மூத்திரத்துல இருக்கிற லெப்டோஸ்பைரா கிருமி ஈரமண்ணு வழியா நாய்க்கு வரும். நாய் மூத்திரம் வழியா நமக்கும் வரும். வெறுங்காலோட, கால்ல வெட்டுக்காயத்தோட சேத்துல இறங்குற நமக்கு இது நேரடியான ஆபத்து. சந்தேகம் வந்தா கையுறை போட்டுத்தான் நாயைச் சுத்தம் செய்யணும். நாய்களுக்கு வருஷா வருஷம் போடும் கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துக் கேட்டு வாங்குங்க.

கடைசியா ஒண்ணு. கடுவன் நாய் காலைத் தூக்கி நிக்குது, முக்குது, ஒரு சொட்டும் வரலைன்னா அது நீர்க்கடுப்பு இல்லை, கல்லடைப்பு. கல் குழாய்ல போய் மாட்டிக்கிச்சு. விடியட்டும், சந்தை முடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. அன்னைக்கே வண்டி பிடிக்கணும்.

பச்சிலை பத்தி உள்ளதைச் சொல்றேன்

மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைச்சுத் தடவுறது நம்மில் பலர் மாட்டுக்குச் செஞ்சு பலன் கண்ட முறை. பேராசிரியர் புண்ணியமூர்த்தி போன்றவர்கள் மரபுவழிக் கால்நடை மருத்துவத்தை அளவோடு, முறையோடு ஊர் ஊராக் கொண்டு சேர்த்திருக்காங்க. அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா மாட்டுக்குச் சொன்னது நாய்க்கு ஆகாது. இதை நான் தாமதமாத்தான் கத்துக்கிட்டேன்.

மாட்டு வைத்தியத்துல சின்ன வெங்காயமும் பூண்டும் சேராத கலவை குறைவு. நாய்க்கு ரெண்டும் விஷம். வெங்காயம் நாயோட ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உடைஞ்சதும் மூத்திரம் சிவப்பாப் போகும். நோவு அதிகமாயிருச்சுன்னு நினைச்சு இன்னும் ரெண்டு உருண்டை கொடுப்போம். நாய் செத்துரும்.

சிறுபீளை, நெருஞ்சில், வாழைத்தண்டு எல்லாம் மூத்திரம் பெருக்கும் என்று மனுஷருக்குக் கொடுத்து வந்தவை. நாய்க்கு எத்தனை கிலோ எடைக்கு எவ்வளவு என்று நிரூபிச்ச அளவு கிடையாது. அதைவிட, பாதை அடைச்சிருக்கும்போது மூத்திரத்தைப் பெருக்கினா என்ன ஆகும்னு யோசிங்க. மதகை மூடிட்டு ஏரிக்குத் தண்ணி விட்ட கதைதான். கிருமித் தொற்றை இந்தச் செடிகள் தீர்க்கும்னு நம்பி நாள் கடத்தினா, கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறும்.

மனுஷரோட வலி மாத்திரையும் கூடவே கூடாது. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் நாயோட ஈரலையும் வயித்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஆன்டிபயாடிக் கொடுத்தா இயற்கை விவசாயி ஆக மாட்டோமா?

இந்தக் கேள்விதான் என்னை அஞ்சு மாசம் தடுத்தது. இயற்கை விவசாயச் சான்றிதழுக்கான நம் நாட்டுத் தரநிலையே கால்நடைக்கு வேற வழி இல்லாதபோது வழக்கமான மருந்தை அனுமதிக்குது. விலங்கோட நலனே முதல் என்பதுதான் அதுக்குள்ள இருக்கிற நியாயம். நாய் நம்ம விளைபொருளும் இல்லை.

நாம எதிர்க்க வேண்டியது தேவையில்லாம, கணக்கில்லாம, அரைகுறையாக் கொடுக்கிற ஆன்டிபயாடிக்கை. நான் மூணாம் நாள் நிறுத்தினது ரசாயனத்தைக் குறைச்சது ஆகாது. காரணம் தெரியாம ஊசி, மறுபடி மாத்திரை, அதுவும் பாதியில என்று ஒவ்வொரு தடவையும் பலவீனமான கிருமியைக் கொன்னு, மருந்தைத் தாங்குற கிருமிக்கு இடம் விட்டிருக்கோம். பூச்சிக்கொல்லி அடிச்சு அடிச்சுப் பூச்சி பழகிப்போன கதையை மேடை மேடையாப் பேசுறவங்க நாம. அதையே என் நாயோட வயித்துக்குள்ள நான் செஞ்சேன். முதல்லயே காரணம் தேடியிருந்தா மொத்தத்துல மருந்து குறைவாத்தான் போயிருக்கும்.

கீழே நாமக்கல், முட்டைக்குப் பேர் போன ஊர். கோழித் தொழில்ல ஆன்டிபயாடிக் பயன்பாடு நாடு முழுக்கப் பேசப்படுற விஷயம். மனுஷருக்குக் கடைசி ஆயுதமா வச்சிருக்கிற கோலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிக்கும் தீவனத்துக்கும் பயன்படுத்த 2019 ஜூலையில் மத்திய அரசு தடை போட்டது. மருந்தைத் தாங்குற கிருமி கோழிக் கழிவு வழியாகவும், பச்சை இறைச்சி வழியாகவும் இடம் மாறும். அதனால கோழிக்கடைக் கழிவைப் பச்சையா நாய்க்குப் போடாதீங்க, நல்லா வேக வச்சுப் போடுங்க. வேக வச்சாலும் எலும்பை எடுத்துருங்க, வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும். கோழி எருவையும் மட்க வைக்காம நிலத்துல கொட்டாதீங்க.

தோட்டத்துல இப்போ நாங்க செய்யுறது

தண்ணி: பெரிய மண்சட்டி ரெண்டு, ஒண்ணு வீட்டு வாசல்ல, ஒண்ணு மிளகுக் காட்டுல. தினமும் கழுவி நிரப்புறோம். நாயோட எடை ஒரு கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி என்பது ஒருநாள் தேவை. 15 கிலோ நாய்க்கு முக்கால் லிட்டருக்குக் குறையக் கூடாது. அதே நாய் தினமும் ஒன்றரை லிட்டருக்கு மேல குடிச்சா, சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கான்னு பார்க்கணும்.

அவிழ்த்து விடுறது: பறிப்பு நாளானாலும் நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒரு தடவை கயித்தோட நடத்திக் கூட்டிப் போறோம். கட்டிய இடத்தை அசிங்கம் பண்ணக் கூடாதுன்னு நல்ல நாய் அடக்கி வைக்கும். தேங்குற மூத்திரத்துல கிருமி பெருகும்.

தீனி: சாமைக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, வெந்த முட்டையோ கறியோ சேர்த்துக் கொடுக்கிறோம். இது மருந்தில்லை. தீனி வழியா தண்ணி கொஞ்சம் கூடுதலா உள்ளே போகும், அவ்வளவுதான். கல் வந்த நாய்க்கு என்ன தீனி என்பதைக் கல்லோட வகையைப் பார்த்து மருத்துவர் சொல்லணும்.

கவனிக்கிறது: வாரம் ஒருநாள் காலையில செவலை ஒண்ணுக்குப் போறப்ப பின்னாலேயே போய்ப் பார்க்கிறேன். ஒரே மூச்சுல போறாளா, நிறம் என்ன, நாத்தம் அடிக்குதா என்று. ஊர்ல சிரிக்கிறாங்க, சிரிக்கட்டும்.

குறிப்பு நோட்டு: எந்தத் தேதி, என்ன அறிகுறி, என்ன மருந்து, எத்தனை நாள் என்று விதைப்புக் கணக்கு எழுதுற நோட்டுலயே ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கோம். மருத்துவர் கேட்ட பாதிக் கேள்விக்கு அன்னைக்கு எனக்குப் பதில் தெரியல.

மருத்துவரிடம் போகும்போது: முடிஞ்சா நாயையே கொண்டு போங்க. மூத்திரத்தை மட்டும் கொண்டு போற நிலைமைன்னா, சுத்தமான பாத்திரத்துல நடுவில் வர்றதைப் பிடிச்சு, மூடி, ஐஸ் கட்டிக்குப் பக்கத்துல வச்சு அன்னைக்கே சேர்க்கணும். பொதுவான பரிசோதனைக்கு அது போதும். கல்ச்சருக்கு மருத்துவர் எடுக்கிறதுதான் சரி. வலியில இருக்கிற நாய் வளர்த்தவரையும் கடிக்கும், வாயைத் துணியால கட்டிக்கிட்டுத் தூக்குங்க. வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்கணும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

நம்ம மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-லிருந்து இருக்கு. தமிழ்நாட்டிலேயே சென்னைக்கு அடுத்து ரெண்டாவதா வந்த கல்லூரி அது. கோழி, மாட்டுக்கு மட்டும்தான் அங்கே வைத்தியம்னு நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க. மலையை விட்டு இறங்குறதுதான் கஷ்டம், இறங்கிட்டா வழி இருக்கு.

இந்த வருஷ மிளகுப் பறிப்பும் முடிஞ்சது. செவலைக்கு மறுபடி ரத்தம் வரல. நேத்து ராத்திரி ரெண்டு மணிக்குப் பள்ளத்துல அவ குரல் கேட்டது. டார்ச்சை எடுத்துக்கிட்டு ஓடினேன். பன்றி ஏறிப் போன தடம் மட்டும் இருந்தது. மரவள்ளிச் செடி ஒண்ணுகூடச் சாயல.

உங்க வீட்டுக் காவலாளியும் பத்தடிக்கு ஒரு தடவை உட்கார்ந்தா, மருந்து தேடுறதுக்கு முன்னால காரணத்தைத் தேடுங்க. மருந்துன்னு கையில வந்துட்டா, சொன்ன நாள் வரைக்கும் கொடுத்து முடியுங்க.